சிறுநீரகமும் மூளையும்: ராப்டாய்டு கட்டி அடையாளம் காணப்பட்ட வரலாறு

பிறந்து ஓராண்டுகூட நிறையாத குழந்தை ஒன்றின் சிறுநீரகத்தில் ஒரு புற்றுநோய்க் கட்டியும், அதே குழந்தையின் மூளையில் வேறொரு கட்டியும் தோன்றுவது மிக அரிதாகவே நிகழ்கிறது. ஆயினும் அவ்வாறு நிகழும்போது அது பெரும்பாலும் தற்செயலன்று என்பதும், ஒரே மரபணு செயலிழந்ததால் விளைந்த ஒரே நோய் ஈரிடங்களில் தலைகாட்டுகிறது என்பதும் இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளன. ராப்டாய்டு கட்டி எனப்படும் அந்நோய் சிறுநீரகத்தில் தனிப்பெயர் பெற்றது 1981-இல். அதற்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டது 1998-இல். இந்தப் பதினேழு ஆண்டுகளில், சிறுநீரகக் கட்டியை ஆராய்ந்தோரும் மூளைக் கட்டியை ஆராய்ந்தோரும் ஒரே நோயை வெவ்வேறு பெயர்களால் அழைத்துக்கொண்டிருந்தனர். அவர்களை ஓரிடத்தில் சந்திக்கச் செய்தவை பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டி, அழியாமல் காக்கப்பட்ட திசுக்களே.

குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய் பற்றிய ஆய்வு ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் 1899-இல் வெளியிட்ட நூலிலிருந்து உருப்பெற்றது. சிறுநீரகத்தின் கலப்புக் கட்டிகள் என்று அவர் விவரித்தவற்றில் தசையையும் குருத்தெலும்பையும் ஒத்த திசுக்கள் அடுத்தடுத்துக் காணப்பட்டன. கருவில் சிறுநீரகம் உருவாகும் காலத்து முதிராத செல்களே இவற்றின் மூலம் என்று அவர் விளக்கினார். முதல் உலகப் போரின் இறுதியாண்டில், போர்க்கைதி ஒருவருக்கு அறுவை செய்தபோது தொற்றிய தொண்டை அடைப்பான் நோயால் வில்ம்ஸ் இறந்தார்; கட்டிக்கு அவர் பெயரே நிலைத்தது. மூளையின் பக்கம் இதற்கு நிகரான தொடக்கம் 1925-இல் அமைந்தது. அவ்வாண்டில் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களான பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும், குழந்தைகளின் சிறுமூளையில் வளர்ந்து தண்டுவட நீரின் வழியே பரவும் கட்டியை மெடுல்லோபிளாஸ்டோமா என்ற பெயரில் விவரித்தனர். இதன்பின் அரை நூற்றாண்டுக் காலம், குழந்தையின் சிறுநீரகத்தில் எழுந்த கட்டியைக் கண்டவுடன் வில்ம்ஸ் கட்டி என்றும், சிறுமூளையில் எழுந்த கட்டியைக் கண்டவுடன் மெடுல்லோபிளாஸ்டோமா என்றும் எண்ணுவது மருத்துவர்களுக்கு இயல்பாயிற்று. பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருந்தது. எஞ்சிய சிலரிடம் வேறொரு நோய் இருந்ததை அந்தப் பழக்கமே மறைத்தது.

அந்த மறைப்பு விலகுவதற்குச் சிகிச்சையில் ஏற்பட்ட வெற்றியே முதற்காரணம் என்பது கவனிக்கத்தக்கது. அறுவையுடன் கதிர்வீச்சும், 1950-களில் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் குழுவினர் பயன்படுத்தத் தொடங்கிய டாக்டினோமைசின் என்னும் மருந்தும் சேர்ந்தபோது வில்ம்ஸ் கட்டியுள்ள குழந்தைகளில் மிகப் பலர் பிழைக்கலாயினர். பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்த காலத்தில் யார் எந்த வகைக் கட்டியால் இறந்தார் என்ற கேள்விக்கு நடைமுறைப் பயன் குறைவு. பலர் பிழைக்கத் தொடங்கியபின், அதே மருந்தைப் பெற்றும் பிழைக்காத சிலர் ஏன் பிழைக்கவில்லை என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. ஆனால் எந்த ஒரு மருத்துவமனையும் ஆண்டுக்கு ஒரு சில நோயாளிகளையே கண்டதால், தனியொரு மருத்துவமனையால் அதற்கு விடை தேட இயலவில்லை. இக்குறையை நீக்கவே 1969-இல் அமெரிக்காவில் தேசிய வில்ம்ஸ் கட்டி ஆய்வு தொடங்கப்பட்டது. கதிர்வீச்சு மருத்துவரான ஜூலியோ டேஞ்சியோ அதனை வழிநடத்தினார். அதன் அமைப்பில் மிக நற்பயன் விளைத்த ஏற்பாடு, பங்கேற்ற மருத்துவமனைகள் அனைத்தும் அறுத்தெடுத்த கட்டியின் மெல்லிய சீவல்கள் ஒட்டிய ஸ்லைடுகளை ஒரே மையத்துக்கு அனுப்பவேண்டும் என்ற விதியாகும். அங்கே புரூஸ் பெக்வித் என்னும் நோய்க்குறியியலாளரும் நான்சி பாமரும் அவற்றை ஒரே கண்ணோட்டத்துடன், ஒரே அளவுகோலால் மதிப்பிட்டனர். நோய்க்குறியியல் என்பது திசுவின் தோற்றத்தைக் கொண்டு நோயை இனங்காணும் துறை.

முதல் ஆய்வின் 427 குழந்தைகளின் திசுக்களைப் பரிசீலித்து அவ்விருவரும் 1978-இல் வெளியிட்ட கட்டுரை குழந்தைப் புற்றுநோயியலின் போக்கையே மாற்றியது. மொத்தக் கட்டிகளில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே சாதகமற்ற திசுத்தோற்றம் கொண்டவை. ஆனால் கட்டியால் நேர்ந்த இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை அச்சிறு பிரிவிலிருந்தே வந்தன. அப்பிரிவுக்குள் இருந்த ஒரு சிறுகுழுவின் செல்கள், முதிராத எலும்புத்தசைச் செல்களைப் போலத் தோன்றின: உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது, அதனுள் உட்கருமணி பெரிதாகத் துலங்கியது, செல்லின் உடற்பகுதியில் இளஞ்சிவப்பு நிறம் ஏற்கும் உருண்டை ஒன்று அமர்ந்திருந்தது. தசைப் புற்றுநோயின் சாயல் கருதி, வில்ம்ஸ் கட்டியின் ஒரு மாற்று வடிவமாகவே இது முதலில் வகைப்படுத்தப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப்பின், 1981-இல், ஹாஸ், பாமர், வைன்பெர்க், பெக்வித் ஆகியோர் அதே செல்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, தசைக்கு உரிய இழையடுக்குகள் அங்கே இல்லை என்பது தெளிவாயிற்று. செல்லின் உருவத்தைத் தாங்கி நிற்கும் இடைநிலை இழைகள் என்னும் புரத நூல்கள் சுருள்சுருளாகத் திரண்டு அந்த உருண்டையாகியிருந்தன. கட்டி தசையிலிருந்தும் தோன்றவில்லை, வில்ம்ஸ் கட்டியும் அன்று. தசைச் செல் போன்றது என்னும் பொருளில் சிறுநீரகத்தின் வீரிய ராப்டாய்டு கட்டி என்று அதற்குத் தனிப்பெயர் இடப்பட்டது. அது எச்செல்லிலிருந்து தோன்றுகிறது என்ற கேள்வியோ விடையின்றி நின்றது.

தனிப்பெயர் கிடைத்ததும், அதுவரை கண்ணில் படாத ஓர் ஒழுங்கு புலப்படலாயிற்று. வில்ம்ஸ் கட்டி நுரையீரலுக்குப் பரவுவது வழக்கம். மூளைக்குச் செல்வது மிக அரிது. ராப்டாய்டு கட்டியுள்ள கைக்குழந்தைகள் சிலரிடமோ மூளையிலும் கட்டி இருந்தது; அது சிறுநீரகத்திலிருந்து பரவியதாகத் தோன்றாமல், மூளையிலேயே தனியாக முளைத்ததாகத் தோன்றியது. இதனை முறைப்படி எடுத்துரைத்தது 1984-இல் ஹோசே போனின், லூசியன் ரூபின்ஸ்டைன், பாமர், பெக்வித் ஆகிய நால்வரும் வெளியிட்ட கட்டுரை. நரம்பு மண்டலக் கட்டிகளைப் பற்றி டோரதி ரஸ்ஸலுடன் இணைந்து 1959-இல் அடிப்படை நூல் எழுதிய ரூபின்ஸ்டைனும், சிறுநீரகக் கட்டிகளின் ஸ்லைடுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பெக்வித்தும் ஒரே கட்டுரையில் பெயரிட்டது தற்செயலான கூட்டு அன்று. வேறு வகைக் கூட்டில் இந்த உண்மை எளிதில் வெளிப்பட்டிருக்காது. ஏழு குழந்தைகளே அவர்களின் சான்று. ஒவ்வொரு குழந்தையிடமும் சிறுநீரகத்தில் ஒரு கட்டியும் மூளையில் ஒரு கட்டியும் இருந்தன. இரண்டும் கரு நிலைக் கட்டிகள், அதாவது முதிர்ச்சியடையாத மூலச்செல்களை ஒத்தவை என்றும், அவை ஒன்றாகத் தோன்றுவது தற்செயலுக்கு அப்பாற்பட்டது என்றும் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டினர்.

அக்கட்டுரையின் பெருமையும் எல்லையும் ஒரே இடத்தில் காணக்கிடக்கின்றன. சிறுநீரகத்தில் இருந்ததை ராப்டாய்டு என்று அழைத்தவர்கள், மூளையில் இருந்ததை மெடுல்லோபிளாஸ்டோமா முதலிய பழைய பெயர்களாலேயே அழைத்தனர். வெவ்வேறு நோய்கள் இரண்டு ஒரே குழந்தையிடம் இணைந்து வருகின்றன என்ற நிலையிலேயே அவர்களின் முடிவு நின்றது. இதற்காக அவர்களைக் குறைகூறுவது முறையாகாது. மூளையில் தோன்றும் ராப்டாய்டு கட்டியில் ராப்டாய்டு செல்கள் பலநேரங்களில் சிறுபகுதியாகவே உள்ளன. எஞ்சிய பரப்பு மெடுல்லோபிளாஸ்டோமாவைப் போன்ற சிறிய, நீலநிறம் ஏற்கும் செல்களால் நிரம்பியிருக்கும். மூளையிலிருந்து எடுக்கப்படும் துண்டு சிறியதாக இருந்தால் அப்பகுதி மட்டுமே பார்வைக்கு வரும். செல்லின் தோற்றத்தை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் அதற்குமேல் செல்ல வழியில்லை. இரண்டையும் ஒருங்கே பார்க்கவேண்டும் என்று சொன்னதே பெரிய முன்னேற்றம். 1989-இல் வீக்ஸ், பெக்வித் முதலியோர் அதே மையத்தில் சேர்ந்திருந்த 111 சிறுநீரக ராப்டாய்டு கட்டிகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவற்றுள் 15 குழந்தைகளிடம் மூளைக் கட்டியும் இருந்ததைப் பதிவுசெய்தனர். நோய் கண்டறியப்பட்டபோது குழந்தைகளில் பாதிப்பேர் ஏறத்தாழ 11 மாதமோ அதற்கும் குறைவோ ஆனவர்கள். ஏழெட்டுக் குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்வதை எவரும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

மூளையின் பக்கத்திலிருந்து வந்த பாதை ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கியது. அங்கே நரம்பு நோய்க்குறியியலாளராக இருந்த லூசி ரோர்க், மெடுல்லோபிளாஸ்டோமா என்று பெயரிடப்பட்ட கைக்குழந்தைக் கட்டிகள் சிலவற்றில் பொருந்தாத பல கூறுகள் கலந்திருப்பதைக் கண்டார். நரம்புச் செல் போன்றவை, இணைப்புத்திசு போன்றவை, மேற்படலத்திசு போன்றவை எனப் பலவகைச் செல்கள் ஒரே கட்டியில் இருந்தன. ஆயினும் கருவின் எல்லாப் படலங்களையும் கொண்ட டெரட்டோமா என்னும் கலவைக் கட்டிக்குரிய இலக்கணம் நிறைவு பெறவில்லை. எனவே 1987-இல் லெஃப்கோவிட்ஸ், ரோர்க், ரோஜர் பேக்கர் ஆகியோர் அதனை இயல்பு மாறிய டெரட்டாய்டு கட்டி என்று அழைத்தனர். அதே ஆண்டுவாக்கில், சிறுநீரகத்தில் எதுவுமில்லாத குழந்தைகளின் மூளையிலும் ராப்டாய்டு கட்டி தோன்றுவதாக வேறு குழுக்களின் கட்டுரைகள் வரத்தொடங்கின. ரோர்க், பேக்கர், ஜாக்லின் பீகல் ஆகியோர் 52 குழந்தைகளைப் பற்றி 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்விரு பெயர்களும் இணைந்து, இன்றும் வழங்கும் இயல்பு மாறிய டெரட்டாய்டு/ராப்டாய்டு கட்டி என்னும் நீண்ட பெயர் நிலைபெற்றது. மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு உதவிய சிகிச்சை அக்குழந்தைகளுக்கு உதவவில்லை. பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். தவறான பெயரின் கீழ் சிகிச்சை பெற்ற குழந்தைகள் எத்தனை பேர் என்பதை எண்ணும்போது, பெயரிடுதல் வெறும் ஏட்டுப்பணி என்று கருத இயலாது.

இதற்கிடையே, தோற்றத்தைக் காட்டிலும் உறுதியான சான்று ஒன்று குரோமோசோம்களில் தென்பட்டது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பீகல், ரோர்க், பேக்கர், எமானுவல் ஆகியோர் 1990-இல், மூளை ராப்டாய்டு கட்டிகளின் செல்களில் 22-ஆம் குரோமோசோம் இணையில் ஒன்று இல்லாதிருப்பதை வெளியிட்டனர். புற்றுச் செல்லில் ஒரு குரோமோசோம் திரும்பத்திரும்பக் காணாமற்போகிறது என்றால், கட்டி வளராமல் தடுக்கும் மரபணு ஒன்று அதில் இருந்திருக்கலாம் என்பது அன்றைய அறிவியலின் எதிர்பார்ப்பு. இதற்கு அடிப்படையானது ஆல்ஃபிரெட் நட்சன் 1971-இல் விழித்திரைக் கட்டியை வைத்து முன்வைத்த இரட்டைத் தாக்குதல் கருதுகோள். ஒவ்வொரு தடுப்பு மரபணுவுக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகள் உண்டு. இரண்டும் கெட்டால்தான் கட்டி தோன்றும். ஒரு படி பிறவியிலேயே கெட்டிருக்கும் குழந்தைக்கு, எஞ்சிய படி ஏதேனும் ஒரு செல்லில் கெட்டாலே போதும். அதனால் அக்குழந்தைக்கு நோய் இளவயதிலேயே, பலவிடங்களில் தோன்ற வாய்ப்புண்டு. சிறுநீரகத்திலும் மூளையிலும் கட்டி கொண்ட கைக்குழந்தைகளுக்கு இக்கருதுகோள் அப்படியே பொருந்தியது.

தேடப்பட்ட மரபணு, புற்றுநோயோடு தொடர்பில்லாத இரு ஆய்வுகளால் முன்பே அறிமுகமாகியிருந்தது. போனின் கட்டுரை வெளியான அதே 1984-இல், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரியன் கார்ல்சன் குழுவினர், கரும்புச் சர்க்கரையை உணவாக்கிக்கொள்ள முடியாத ஈஸ்ட் வகைகளை ஆராய்ந்து, அக்குறைக்குக் காரணமான மரபணுக்களை வரிசையாக எண்ணிட்டனர். அவற்றுள் ஐந்தாவது எஸ்.என்.எஃப்.5. ஈஸ்ட், மனிதன் உள்ளிட்ட உட்கருவுள்ள உயிர்களில் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளைச் சுற்றிப் பொதியப்பட்டுள்ளது. பொதிந்திருக்கும் பகுதியில் உள்ள மரபணு எளிதில் செயற்படாது. அவ்வுருளைகளை நகர்த்தி, தேவையான மரபணுவைத் திறந்துவிடும் பெரும்புரதத் தொகுதியின் ஓர் உறுப்பே எஸ்.என்.எஃப்.5 எனப் பின்னர் தெரியவந்தது. பத்தாண்டுகளுக்குப்பின், 1994-இல், கஞ்சம் கல்பனா, ஸ்டீஃபன் காஃப் முதலியோர் எய்ட்ஸ் நோயின் வைரஸ் தன் மரபுப்பொருளை மனிதச் செல்லில் செருகப் பயன்படுத்தும் இன்டெக்ரேஸ் நொதியோடு ஒட்டும் மனிதப் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்தனர்; அது ஈஸ்ட்டின் எஸ்.என்.எஃப்.5-க்கு மனித உடலிலுள்ள இணையாக இருந்தது. ஐ.என்.ஐ.1 என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். இன்று அம்மரபணு ஸ்மார்க்-பி1 எனப்படுகிறது.

பாரிஸ் நகரின் கியூரி நிறுவனத்தில் ஒலிவியே தெலாத்ர் தலைமையில் இயங்கிய குழு, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட 13 ராப்டாய்டு செல்வரிசைகளை ஒப்பிட்டு, 22-ஆம் குரோமோசோமில் அவை பொதுவாக இழந்திருந்த சிறு பகுதியைக் குறுக்கிக்கொண்டே சென்றது. அப்பகுதிக்குள் அமைந்திருந்தது ஐ.என்.ஐ.1. கட்டிச் செல்களில் அதன் ஒரு படி நீங்கியும், மற்றொரு படி அரைகுறைப் புரதமே உருவாகும்படி சிதைந்தும் இருந்தன. வெர்ஸ்டீக் முதலாசிரியராக 1998-இல் நேச்சர் இதழில் வெளியான இக்கட்டுரை, டி.என்.ஏ. பொதிவைக் கையாளும் தொகுதி ஒன்று கெடுவதே புற்றுநோயை உண்டாக்கப் போதுமானது என்பதை முதன்முதலாக உறுதியாகக் காட்டியவற்றுள் ஒன்று. மறு ஆண்டே பாரிஸ் குழுவினரும் பீகல் குழுவினரும், சில குழந்தைகளின் கட்டியில் மட்டுமன்றி உடலின் இயல்பான செல்களிலும் இம்மரபணுவின் ஒரு படி கெட்டிருப்பதைக் கண்டனர். சிறுநீரகம், மூளை ஆகிய ஈரிடங்களிலும் கட்டி கொண்ட குழந்தைகளை 2000-இல் சவ்லா முதலியோர் ஆராய்ந்தபோது ஈரிடக் கட்டிகளிலும் இதே மரபணுவே சிதைந்திருந்தது. 1984-இல் ஏழு குழந்தைகளை முன்வைத்து எழுப்பப்பட்ட கேள்விக்கு விடை இவ்வாறு கிடைத்தது: பிறவியிலேயே ஒரு படியை இழந்த குழந்தையிடம், மற்றொரு படி சிறுநீரகத்தின் ஒரு செல்லிலும் மூளையின் ஒரு செல்லிலும் தனித்தனியே கெடுகிறது. ஒன்று மற்றொன்றிலிருந்து பரவியதன்று.

இம்மரபணுவின் இழப்பு எவ்வளவு வலியது என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் உணர்த்தின. சார்லஸ் ராபர்ட்ஸ், ஸ்டூவர்ட் ஆர்கின் ஆகியோர் 2002-இல் எலிகளில் இம்மரபணுவை நீக்கியபோது அவை அனைத்துக்கும் புற்றுநோய் உண்டாயிற்று. அவற்றுள் பாதிக்கு 11 வாரங்களுக்குள்ளாகவே நோய் தோன்றியது. ராபர்ட்ஸ் குழுவினர் 2012-இல் ராப்டாய்டு கட்டிகளின் மரபுப்பொருள் முழுவதையும் படித்தபோது, இந்த ஒன்றைத் தவிர வேறு சிதைவு ஏறக்குறைய இல்லை எனலாம் என்ற அளவுக்கு அவை எளியனவாக இருந்தன. முதியோரின் புற்றுநோய்களில் ஆண்டுக்கணக்கில் திரளும் எண்ணற்ற பிழைகளோடு ஒப்பிட்டால், கைக்குழந்தையின் இக்கொடிய நோய்க்கு ஒரே பிழை போதுமானதாக இருப்பது இத்துறையின் மிக ஆழ்ந்த கண்டுபிடிப்பு என்றே சொல்லவேண்டும். மிகச் சில குடும்பங்களில் ஸ்மார்க்-பி1 நலமாக இருக்க, அதே தொகுதியைச் சேர்ந்த ஸ்மார்க்-ஏ4 என்னும் மரபணு கெட்டிருப்பதும் 2010-இல் தெரியவந்தது.

அறிவியல் வழங்கிய கொடைகளுள் உடனடிப் பயன் தந்தது 2004-இல் ஜட்கின்ஸ் முதலியோர் அறிமுகப்படுத்திய சாயமேற்றும் முறை. ஐ.என்.ஐ.1 புரதத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருளைத் திசுச்சீவலின்மீது இட்டால், இயல்பான செல்களின் உட்கரு பழுப்பு நிறம் பெறுகிறது. ராப்டாய்டு செல்களின் உட்கரு நிறமின்றி நிற்கிறது. ராப்டாய்டு செல்லே கண்ணுக்குத் தெரியாத சிறு துண்டிலும் இந்த இன்மை வெளிப்படையாகத் தெரிகிறது. போனினும் ரூபின்ஸ்டைனும் எட்ட முடியாத முடிவை, இன்று சாயமேற்றும் வசதியுள்ள எந்த ஆய்வகமும் மிகச் சில நாட்களில் எட்டிவிடுகிறது.

சிகிச்சையின் வரலாறு இவ்வளவு ஒளியுடையதன்று. தேசிய வில்ம்ஸ் கட்டி ஆய்வில் பதிவான 142 சிறுநீரக ராப்டாய்டு நோயாளிகளைப் பற்றி 2005-இல் டாம்லின்சன் முதலியோர் வெளியிட்ட கணக்கின்படி நான்காண்டுகள் உயிர்வாழ்ந்தோர் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரே. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் அது 9 விழுக்காட்டையும் எட்டவில்லை, இரண்டு வயதைக் கடந்தோரில் 41 விழுக்காடாக இருந்தது. மூளைக் கட்டிக்கு வீரிய மருந்துகளையும், குழந்தையின் சொந்த மூலச்செல்களை மீளச் செலுத்தும் முறையையும், கதிர்வீச்சையும் இணைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2020-இல் முடிவு வெளியான ஆய்வில், நான்காண்டுகளுக்குப்பின் 43 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்த 1990-களோடு ஒப்பிட்டால் இது உண்மையான முன்னேற்றம். ஆனால் வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு செய்யும் கேடு காரணமாக, மிக இளங்குழந்தைகளுக்கு அச்சிகிச்சையைத் தரவும் முடியாமல் தவிர்க்கவும் முடியாமல் மருத்துவர்கள் திண்டாடும் நிலை இன்னும் நீங்கவில்லை.

இந்நோயுள்ள குழந்தைகளில் கால் முதல் மூன்றிலொரு பங்கினருக்கு மரபணுச் சிதைவு பிறவியிலேயே உள்ளது. இளவயதினரிடமும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கட்டி உள்ளவர்களிடமும் இவ்விகிதம் இன்னும் மிகுதி. அவர்களுள் பெரும்பாலோரின் பெற்றோரிடம் அச்சிதைவு இல்லை; அது அக்குழந்தையிடமே புதிதாகத் தோன்றியது. ஆயினும் இரத்தப் பரிசோதனையில் நலமாகக் காணப்படும் பெற்றோரின் இனப்பெருக்கச் செல்கள் சிலவற்றில் மட்டும் சிதைவு ஒளிந்திருந்து, அடுத்து பிறக்கும் குழந்தைக்கும் நோய் வருவது உண்டு. ஆகவே கைக்குழந்தை ஒன்றின் சிறுநீரகத்தில் ராப்டாய்டு கட்டி உறுதியானால் அக்குழந்தையின் மூளையையும், மூளையில் உறுதியானால் சிறுநீரகத்தையும் உடனடியாகப் படமெடுத்துப் பார்ப்பதும், குழந்தையின் இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்வதும், சிதைவு உள்ள குழந்தையை முதற்சில ஆண்டுகள் குறுகிய இடைவெளிகளில் தொடர்ந்து கண்காணிப்பதும், பெற்றோருக்கு மரபியல் ஆலோசனை வழங்குவதும் இன்றைய மருத்துவத்தில் விருப்பத்துக்கு விடப்பட்ட செயல்கள் அல்ல. எந்த ஊர் மருத்துவமனையாயினும் அக்குடும்பத்துக்கு அவற்றைச் செய்து தருவதே கடமை.